சிப்பி ஜன்னல்: கோவாவின் பழைய வீடுகளும் ஒரு மறைந்துவரும் தச்சுக்கலையும்

கோவாவின் சால்செட், பர்தேஷ் வட்டங்களில் நூறாண்டு கடந்த வீடுகள் இன்னும் பல நிற்கின்றன. அவற்றின் ஜன்னல் கதவுகளைக் கூர்ந்து நோக்கினால், கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று இருப்பதைக் காணலாம். உள்ளங்கையைவிடச் சிறிய, பால்நிறத் தகடுகள் மெல்லிய மரச்சட்டங்களுக்கிடையே வரிவரியாகச் செருகப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவை சாம்பல் பூத்த பழம்பலகைபோலத் தோன்றும். உள்ளே சென்று கதவைச் சாத்தினால்தான் அவற்றின் பயன் விளங்கும். உச்சிவேளை வெயிலின் கடுமை கழிந்து, நிழல் விழாத மென்மையான வெளிச்சம் அறை முழுவதும் பரவி நிற்கும்.

அத்தகடுகள் கடற்சிப்பியின் ஓடுகள். கோவாவில் போர்த்துகீசியச் சொல்லால் அவற்றைக் 'கரேப்பா' என்பர். இன்று இந்த ஜன்னல்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. எஞ்சியவற்றைப் பழுதுபார்க்க முனைவோர் முதல் நாளிலேயே ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றனர். கொல்கத்தாவின் 'கர்கரி' ஜன்னலோ புதுச்சேரியின் சாய்வுப்பலகை ஜன்னலோ பழுதுபட்டால், நல்ல மரமும் தேர்ந்த தச்சரும் இருந்தால் போதும், புதிதாகவே செய்துவிடலாம். சிப்பி ஜன்னலுக்கு அது பொருந்தாது. அதன் மூலப்பொருளைக் கடலிலிருந்து எடுப்பதைச் சட்டம் தடுத்துள்ளது. உடைந்துபோன ஒவ்வொரு ஓடும் நிரந்தர இழப்பு. ஆகவே இந்த ஜன்னலை மீட்கக் கற்பவர் உளி பிடிப்பதற்கு முன்பாகவே அதன் வரலாற்றையும் ஓரளவு கற்க வேண்டியவராகிறார்.

முதலில் அந்த உயிரினத்தைப் பற்றி. 1758-இல் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். இன்று அறிவியலாளர் வழங்கும் பெயர் பிளக்குனா பிளசென்டா. 'பிளசென்டா' என்பது இலத்தீனில் தட்டையான ஒருவகை அப்பத்தைக் குறிக்கும் சொல். பொருத்தமான பெயர்தான். ஏறக்குறைய வட்டமாக, ஒரு சாண் அகலத்துக்கும் குறைவாக, தாள்போல மெலிந்து வளரும் சிப்பி இது. பாறையில் ஒட்டிக்கொள்ளாது, மண்ணுக்குள் ஆழப் புதையவும் செய்யாது. அலையடங்கிய விரிகுடாக்களிலும் கழிமுகங்களிலும் சேற்றின்மேல் படுத்துக் கிடக்கும். கட்ச் வளைகுடா, கோவாவின் ஜுவாரிக் கழிமுகம், ஆந்திரத்தின் காக்கிநாடா விரிகுடா ஆகிய இடங்களில் இதன் படுகைகள் உண்டு. தமிழர் வாழும் கரையிலும் இது அறியப்படாததன்று. திருகோணமலையை அடுத்த தம்பலகாமத்தில் இச்சிப்பியின் சிறுமுத்துகளுக்காகவே குளிப்பு நடந்தது. பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக விளங்கிய ஜேம்ஸ் ஹோர்னெல், அந்தக் குளிப்பைப் பற்றி அறிக்கை எழுதியுள்ளார். காக்கிநாடாவில் இதே ஓடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயின. ஒரே ஓடு ஓரிடத்தில் சுண்ணாம்பாகவும் ஓரிடத்தில் ஜன்னலாகவும் ஆகியிருக்கிறது.

சுற்றுலாக் கையேடுகள் இவற்றை 'முத்துச்சிப்பி ஜன்னல்' என்று எழுதுகின்றன. அது பிழை. முத்துச்சிப்பியின் உட்புறத்தில் வானவில் நிறம் காட்டும் பளபளப்பு, அரகோனைட் என்னும் கனிமத்தின் அடுக்குகளால் ஆனது. ஜன்னல் சிப்பியின் ஓடோ ஏறத்தாழ 99 விழுக்காடு கால்சைட். மிக நுண்ணிய கால்சைட் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்க, அவற்றுக்கிடையே ஒரு விழுக்காட்டளவு உயிர்ப்பொருள் பசைபோல நின்று பிணைக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இவ்வோட்டைச் சோதித்தனர். கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இது உள்ளே விடுகிறது என்றும், கூர்முனையால் குத்தினாலும் சேதம் குத்திய இடத்தைச் சுற்றியே நின்றுவிடுகிறது என்றும் கண்டனர். கண்ணாடியில் ஆணி இறங்கினால் முழுத்தகடும் சிதறும். இதில் துளை மட்டுமே விழும். ஆய்வகம் 2014-இல் கண்ட இந்தக் குணத்தைக் கொங்கணக் கரையின் தச்சர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர் என்பதற்கு அந்த ஜன்னல்களே சான்று.

இந்த ஓட்டை ஜன்னலில் பதிக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது? கோவாவில் யாரைக் கேட்டாலும் 'போர்த்துகீசியர் காலத்தது' என்பார்கள். காலம் சரி, ஆனால் அந்த விடை ஓர் உண்மையை மறைக்கிறது. போர்த்துகலின் அட்லாண்டிக் கரையில் இச்சிப்பி கிடையாது. லிஸ்பனிலிருந்து அல்புகெர்க்கியின் கப்பலில் இக்கலை வந்திருக்க வழியில்லை. 1510-இல் கோவா அவர் கைக்குப் போனபின் எழுந்த நகரத்தில், ஐரோப்பியப் பழக்கத்தின்படி அகன்ற ஜன்னல்கள் வைத்த மாளிகைகள் கட்டப்பட்டன. அந்த ஜன்னல்களை மூடக் கண்ணாடி வேண்டியிருந்தது. கண்ணாடியோ நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பல மாதக் கடற்பயணத்தில் உடையாமல் வந்து சேர வேண்டிய பண்டம்.

பிரான்சுவா பிரார் என்ற பிரெஞ்சு மாலுமி, மாலத்தீவில் கப்பல் உடைந்து, ஆண்டுக்கணக்கில் அங்கே சிறைப்பட்டிருந்து, 1608-இல் கோவா வந்து சேர்ந்தார். அவருடைய பயணநூல் அக்கால கோவாவின் வீடுகளை விரிவாகக் காட்டுகிறது. அங்குள்ளோர் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய சிப்பி ஓடுகளை மரச்சட்டத்தில் பொருத்துகிறார்கள் என்றும், அவை கண்ணாடியளவு தெளிவானவை அல்ல என்றும் அவர் குறிப்பிடுகிறார். அதாவது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது வெளியூரார் கண்ணில் படும் அளவுக்கு வழக்கமாகிவிட்டது.

இன்னும் முக்கியமான சான்று கோவாவுக்கு வெளியே கிடைக்கிறது. 1670-களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜான் ஃபிரையர், முகலாயர் ஆட்சியிலிருந்த சூரத் நகரத்தைப் பற்றி எழுதும்போது இதே செய்தியைச் சொல்கிறார். கண்ணாடி விலை மிகுந்தது, எளிதில் கிடைக்காதது. ஆகவே ஜன்னல்களில் செதுக்கிய மரப்பின்னலும் காக்காப்பொன் தகடும், அவற்றைவிடப் பரவலாகச் சிப்பி ஓடும் இருக்கின்றன என்பது அவர் கூற்றின் சாரம். சூரத்தில் ஆண்டவர் போர்த்துகீசியர் அல்லர். கட்ச் வளைகுடாவின் படுகைகளோ சூரத்துக்கு எட்டாத தொலைவில் இல்லை. ஆகவே சிப்பி ஜன்னலை ஒரு பேரரசு விட்டுச்சென்ற கொடையாகக் கொள்வதைவிட, ஒரு கடற்கரையின் பொதுத் தொழில்நுட்பமாகக் கொள்வதே பொருந்தும். அகன்ற ஜன்னல் என்ற தேவையைப் போர்த்துகீசியர் கொண்டுவந்தனர். அதற்கு விடை இங்கிருந்த சேற்றிலும் இங்கிருந்த தச்சரின் கையிலும் இருந்தது. இதே ஓடு பதித்த ஜன்னல்களை மக்காவின் பழைய சீன மாளிகைகளிலும், 'காபிஸ்' என்ற பெயரில் பிலிப்பைன்ஸ் வீடுகளிலும் இன்றும் காணலாம்.

சொல்லின் வரலாறும் இதனுடன் பிணைந்தது. தமிழர் நாள்தோறும் வழங்கும் 'ஜன்னல்', போர்த்துகீசிய 'ஜனெலா'விலிருந்து வந்தது. சிங்களத்தின் 'ஜனேலய', வங்கத்தின் 'ஜானாலா', மலாயின் 'ஜெண்டேலா' எல்லாம் அதன் உடன்பிறப்புகளே. தமிழில் அதற்கு முன்பே சாளரம், பலகணி, காலதர் என்ற சொற்கள் இருந்தன. சிலப்பதிகாரம் அறிந்த 'காலதர்' என்ற சொல்லைப் பிரித்தால் காற்று வரும் வழி என்று பொருள்படும். பழைய சாளரத்தில் காற்றும் ஒளியும் சாரலும் ஒன்றாகவே வந்தன. ஒன்றை அடைத்தால் மற்றவையும் நின்றன. நான்கு மாதம் பெய்யும் கொங்கண மழையில் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் இருப்பது அல்லது நனைவது என்ற இரண்டே வழிகள் இருந்த வீட்டில், ஒளியை மட்டும் பிரித்து உள்ளே விட்டது சிப்பி ஓடு. சொல் அந்நியமாக இருந்தும் இத்தனை மொழிகளில் வேரூன்றியதற்கு, பொருளும் ஓரளவு புதிதாக இருந்தது ஒரு காரணமாகலாம்.

வீட்டின் அமைப்பும் இத்துடன் மாறியது. கொங்கணத்தின் பழைய வீடுகள் நடுமுற்றத்தை நோக்கியவை. தெருப்பக்கச் சுவரில் திறப்புகள் குறைவு. மதம் மாறிய நிலவுடைமைக் குடும்பங்கள் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய வீடுகள் தெருவை நோக்கித் திரும்பின. வாசலில் அமர்ந்து பேசுவதற்கான 'பல்காவ்' என்னும் திண்ணை, அதன் இருபுறமும் தரையளவு நீண்ட ஜன்னல்களின் வரிசை, உள்ளே விருந்தினர் கூடம். பலவற்றில் முற்றமும் உள்ளேயே நீடித்தது என்பதையும் சொல்ல வேண்டும்; முகப்பு ஐரோப்பிய மோஸ்தரில் இருக்க, அடுக்களைப் பக்கம் பழைய கொங்கண வீடாகவே தொடர்ந்தது. முகப்பு ஜன்னல்களின் எண்ணிக்கை குடும்பத்தின் செல்வத்தைக் காட்டும் அடையாளமாயிற்று. வீட்டுக்காரரின் பெயர் ஊர்ப் பதிவேட்டிலும் கல்லறையிலும் நிற்கிறது. ஜன்னல் செய்த தச்சரின் பெயர் எங்கும் இல்லை.

கண்ணாடி மலிந்தபோது சிப்பியின் மதிப்பு சரிந்தது. 1880-களில் மர்மகோவா துறைமுகமும் அதை உள்நாட்டோடு இணைத்த இருப்புப்பாதையும் வந்தபின், தொலைவுப் பண்டங்கள் வந்துசேர்வது எளிதாயிற்று. தெளிந்த கண்ணாடி நாகரிகத்தின் குறியாகவும், மங்கிய சிப்பி பழமையின் குறியாகவும் ஆயின. வசதியுள்ளோர் கூடத்து ஜன்னலைக் கண்ணாடிக்கு மாற்றிச் சிப்பிக் கதவுகளைப் பின்கட்டுக்கு அனுப்பினர். வசதியற்றோர் மாற்ற முடியாமல் வைத்திருந்தனர். இன்று எஞ்சியிருக்கும் சிப்பி ஜன்னல்களில் ஒரு பகுதி வறுமையால் காப்பாற்றப்பட்டது என்றால் மிகையாகாது.

அடுத்துவந்த சேதத்துக்குக் காரணம் கண்ணாடியன்று, பூட்டு. கோவாவில் 1867-ஆம் ஆண்டின் போர்த்துகீசியக் குடியியல் சட்டத்தின் வழிவந்த வாரிசுரிமை இன்றும் நடைமுறையில் உள்ளது. மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது அதன் பெருமை. ஆனால் பம்பாய்க்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் லிஸ்பனுக்கும் பரவிவிட்ட குடும்பங்களில், இரண்டு மூன்று தலைமுறைக்குப் பின் ஒரே வீட்டுக்குப் பலர் பங்காளிகளாகின்றனர். எல்லாரும் உடன்படாமல் வீட்டை விற்கவும் இயலாது, பழுதுபார்க்கச் செலவிடவும் எவரும் முன்வரார். திறக்கப்படாத ஜன்னல் விரைவில் அழியும். காற்றோட்டமில்லாத அறையில் ஈரம் தங்குகிறது, கதவின் கீழ்ச்சட்டம் இற்றுப்போகிறது, சட்டம் தளர்ந்ததும் ஓடுகள் ஒவ்வொன்றாக நழுவி விழுகின்றன.

இந்நிலையில்தான் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் வேறு பல சங்கு, சிப்பி இனங்களுடன் ஜன்னல் சிப்பியும் சேர்க்கப்பட்டது. அது செய்ய வேண்டிய செயலே. கோவாவில் இச்சிப்பியின் பெயர்பெற்ற படுகை ஜுவாரிக் கழிமுகத்தின் சிக்காலிம் விரிகுடாவில் இருக்கிறது. சுற்றிலும் கப்பல் கட்டும் தளங்கள், துறைமுகம், நெரிசலான குடியிருப்புகள். நெடுங்காலம் இரும்புத்தாதுப் படகுகள் ஓடிய நீர்வழி அது. அந்தச் சேற்றில் எஞ்சியிருக்கும் உயிர்களை வீட்டு அழகுக்காக அள்ளிவிடலாம் என்று பொறுப்புள்ள எவரும் சொல்லமாட்டார். சிக்காலிம் மக்களே அப்படுகைக்காகக் குரல் கொடுத்து வந்துள்ளனர்.

ஆனால் இத்தடையால் பழைய ஓடு அரும்பொருளாயிற்று. கைவிடப்பட்ட வீடுகளை இடிப்போர் முதலில் கழற்றுவது ஜன்னல்களை. அவை பழம்பொருள் கடைக்குப் போய், விடுதியின் சுவரலங்காரமாகவோ உணவகத்தின் தடுப்பாகவோ மாறுகின்றன. வீட்டை மீட்க விரும்பும் ஒருவர் குறைந்த ஓடுகளை நிரப்ப அதே கடைக்குத்தான் போகிறார். ஒரு வீட்டின் ஜன்னலை முழுமையாக்க இன்னொரு வீட்டின் ஜன்னல் அழிகிறது. நல்ல விலை கிடைக்கும் என்ற செய்தி பரவினால், இன்னும் நிற்கும் பூட்டிய வீட்டின் கதவுகளுக்கும் ஆபத்து. பாதுகாப்புப் பணியே சேதத்துக்குத் தூண்டுகோலாவது இத்துறையில் புதிதன்று. ஆனால் சிப்பி ஜன்னலில் அது வேறெங்கும்விடக் கூர்மையாகத் தெரிகிறது.

இதிலிருந்துதான் பழுதுபார்ப்பின் முதல் பாடம் பிறக்கிறது. மேனாட்டு நூல்கள் பழைய ஜன்னலைப் பற்றிச் சொல்வது ஒன்றே: வயதேறிய மரச்சட்டம் விலைமதிப்பற்றது, அதை எப்பாடுபட்டும் காப்பாற்று, கண்ணாடி உடைந்தால் மாற்றிக்கொள். இங்கே வரிசை தலைகீழாகிறது. தேக்கும் பலாவும் இன்றும் வளர்கின்றன. சட்டத்தைப் புதிதாக இழைக்கலாம். காப்பாற்ற வேண்டியது ஓடு. ஓட்டை மீட்பதற்காகப் பழைய சட்டத்தின் ஒரு பகுதியை அறுக்க நேர்ந்தால் அறுக்கலாம். சட்டத்தைக் காப்பதற்காக ஓட்டை நெம்பக் கூடாது. மேனாட்டுக் கையேட்டை அப்படியே பின்பற்றியோர் இங்கே தவறியது இவ்விடத்தில்தான்.

இரண்டாவது பாடம், கழற்றாமல் இதைக் கற்க முடியாது என்பது. முடிந்த ஜன்னலை வெளியிலிருந்து எத்தனை நாள் பார்த்தாலும் ஓடுகள் எப்படி உள்ளே போயின என்று தெரியாது. ஒருவகைக் கதவுகளில் நெடுக்குவாட்டில் நெருக்கமாக நிற்கும் மெல்லிய ரீப்பர்களின் இருபக்கமும் காடி எடுக்கப்பட்டிருக்கும். சதுரமாகவோ நீள்சதுரமாகவோ நறுக்கிய ஓடுகள், அந்தக் காடியில் மேலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறக்கப்பட்டிருக்கும். கூரை ஓட்டைப்போல மேலோட்டின் விளிம்பு கீழோட்டின்மேல் சற்றே ஏறியிருப்பதால் மழைநீர் வெளிப்புறமாகவே வழியும். இன்னொரு வகையில் காடி இல்லை. ஓடுகளை ஒரு ரீப்பரின்மேல் சாய்த்துவைத்து, இன்னொரு ரீப்பரால் மூடிச் சிற்றாணி அடித்திருப்பார்கள். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கைவைத்தால் கேடுதான். முதல் வகையில் நடுவே ஒரே ஓடு உடைந்திருந்தாலும், மேற்சட்டத்தின் முளையைத் துளையிலிருந்து விடுவித்து, அந்த வரிசையில் அதற்கு மேலுள்ள எல்லாவற்றையும் உருவிய பிறகுதான் அதை அடைய முடியும். பொறுமையற்றோர் ரீப்பரை நடுவில் வெட்டி, புதுத்துண்டைச் செருகிப் பசையால் ஒட்டிவிடுகின்றனர். அடுத்த முறை பழுது வரும்போது அந்தப் பசை, நல்ல ஓடுகளையும் சேர்த்து உடைக்கும்.

வேலையின் அளவையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஓர் ஓட்டின் தெரியும் பரப்பு ஏழு சென்டிமீட்டர் சதுரம் என்று கொண்டால், அரை மீட்டர் அகலமும் ஒன்றேகால் மீட்டர் உயரமுமுள்ள ஒற்றைக் கதவிலேயே 120-க்கும் மேற்பட்ட ஓடுகள் வரும். இரட்டைக் கதவுள்ள ஜன்னல்கள் பத்து உள்ள வீட்டில் இரண்டாயிரத்தைத் தாண்டும். ஒவ்வொன்றும் கையால் நறுக்கப்பட்டது. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. எனவே கழற்றுவதற்கு முன் கதவைப் படமெடுத்து, வரிசைக்கும் ஓட்டுக்கும் எண்ணிட்டு, எடுத்த ஓட்டை அதே எண்ணுள்ள தட்டில் வைப்பது இன்றியமையாதது. எண்ணைப் பென்சிலால் காகிதத்தில் எழுத வேண்டும், ஓட்டின்மேல் அன்று.

துடைப்பதில் நம் வீட்டுப் பழக்கமே பகையாகிறது. பித்தளைக்குப் புளி, கறைக்கு எலுமிச்சை, தரைக்கு ஆசிட் என்பது தென்னிந்திய வீடுகளின் கைவைத்தியம். ஓடு கால்சைட், அமிலம் பட்டால் கரையும். புளிக்கரைசலில் ஒருமுறை கழுவினாலே மேலேடு மங்கிச் சுண்ணாம்புத்தூள்போல உதிரத் தொடங்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மழைக்காலம் முடிந்து ஆண்டுதோறும் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது தெறித்த சுண்ணாம்புத் துளிகள், பல ஓடுகளில் கெட்டியாகப் படிந்திருக்கின்றன. அத்துளியும் காற்றுப்பட்டு இறுகிக் கால்சியம் கார்பனேட்டாகவே ஆகிவிட்டது, ஓடும் அதேதான். துளியைக் கரைக்கும் எதுவும் ஓட்டையும் கரைக்கும். ஈரத்துணியால் நெடுநேரம் ஊறவைத்து, மூங்கில் சீவலால் விளிம்பிலிருந்து மெல்ல எழுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. வராத துளியை விட்டுவிடுவதே அறிவுடைமை.

மரத்தின்மேல் பல தலைமுறைகள் பூசிய எண்ணெய் வண்ணத்தை நீக்குவதில் இன்னொரு கண்ணி. வெப்பக்காற்றுக் கருவியால் வண்ணத்தை உரிப்பது இன்றைய பட்டறைகளில் வழக்கம். ஏடுகளைப் பிணைத்து நிற்கும் அந்த ஒரு விழுக்காட்டு உயிர்ப்பொருள் சூட்டைத் தாங்காது. அது கருகினால் ஓடு அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். ஓடுகளை வெளியே எடுத்துவைத்த பிறகே மரத்தில் கருவி படலாம். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கும் என்பதால் முகக்கவசம் இல்லாமல் தேய்ப்பதும் கூடாது. மீட்ட ஓட்டுக்குப் 'பாதுகாப்பாக' வார்னிஷ் பூசுவோரும் உண்டு. சில ஆண்டுகளில் அது மஞ்சளித்துவிடும். பிறகு அதை எடுக்க முனைந்தால் மேலேடும் உடன் வரும்.

இதையெல்லாம் யார் கற்கிறார்கள்? கட்டடக்கலை மாணவர்கள் அளவெடுத்து வரைபடம் தீட்டக் கற்கின்றனர். காடியின் ஆழத்தை விரலால் உணரும் வாய்ப்பு அவர்களுக்கு அரிது. இளந்தச்சர்களுக்குக் கைத்திறன் உண்டு. ஆனால் அவர்கள் தொழில் பழகியது பிளைவுட்டிலும் அலுமினியச் சட்டத்திலும். ஒரு சிப்பிக் கதவைச் சரிசெய்யும் நாட்களில் அவர்கள் பல சமையலறை அலமாரிகளைப் பொருத்திக் கூலி பெற்றுவிடலாம். பழைய முறை அறிந்த முதியோர் சிலரே. அவர்களது அறிவு எழுத்தில் இல்லை. வரைபடம் தெரிந்தவரும் உளி தெரிந்தவரும் ஒரே கதவின் இருபுறமும் அமர்ந்து கழற்றும்போது மட்டுமே இக்கலை கைமாறுகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் திட்டங்கள் கருத்தரங்குக்கும் மலருக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு சிறுபகுதியைத் தச்சரின் நாட்கூலிக்கு ஒதுக்கினால், இந்தச் சந்திப்பு இன்னும் அடிக்கடி நிகழும்.

குறையும் ஓடுகளுக்கு என்ன செய்வது என்ற வினாவுக்கு, ஒரு வீட்டின் எல்லைக்குள்ளேயே விடை தேடுவது நேர்மையானது. எல்லா ஜன்னல்களிலும் எஞ்சிய நல்ல ஓடுகளை எண்ணி, மழைச்சாரல் குறைவாகப்படும் அகன்ற இறவாரத்தின் கீழுள்ள ஜன்னல்களை அவற்றால் முழுமையாக்கலாம். மழைமுகத்தில் நிற்கும் ஜன்னல்களுக்குப் பால்வெண் கண்ணாடியைச் சிப்பியின் அளவிலேயே நறுக்கிச் செருகலாம். எது எங்கிருந்து எங்கு மாற்றப்பட்டது என்பதைக் குறித்துவைத்தால் போதும், எந்நாளும் திருப்பிவிடலாம். விளிம்பு உடைந்த பெரிய ஓட்டைச் சிறிய ஓட்டுக்கான இடத்துக்கு நறுக்கிக்கொள்ளலாம். கடையில் வாங்கிய பிறவீட்டு ஓடுகளால் நிறைந்த ஜன்னலைவிட, இடையிடையே கண்ணாடி தெரியும் ஜன்னல் கண்ணுக்குச் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனால் அதற்காக வேறொரு கதவு கழற்றப்படவில்லை.

மரவேலைக்கு உரிய காலம் நவம்பர் முதல் மே வரை. அப்போது மரம் உலர்ந்து சுருங்கியிருக்கும். காடியில் ஓடு இறுக்கமாக நிற்க வேண்டுமென்று தோன்றும். அனுபவமுள்ள தச்சர் ஓட்டுக்கும் காடிக்கும் இடையே ஒரு தாளளவு தளர்வு விடுவார். சாத்தும்போது கதவு லேசாகக் கலகலக்கும். வீட்டுக்காரர் அதைக் குறையென்று சொல்லி மக்கு வைத்து அடைக்கச் சொல்வதும் வழக்கம். ஜூன் மாத மழையில் ரீப்பர்கள் ஊதிப் பருக்கும்போது, அந்தத் தாளளவு இடம் இருந்த கதவில் ஓடுகள் அசையாமல் நிற்கும். அடைத்த கதவில் அவை விரிசல் விடும்.